பதினைந்தும் பதினேழும்

பாடப்புத்தகத்தில் கலம் என்றுதான் படித்தோம்.
சென்னையிலிருந்து வந்த விரிவுரையாளர்
வகுப்பில் ஒருமுறை செல் என்றார்.
நாலு பேர் கூரையைப் பார்த்தோம்.
நாலு பேரும் வன்னி.

கிளிநொச்சி ஆய்வுகூடத்தில்
இன்றைக்கும் நான் கலம் என்றே சொல்கிறேன்.

ஒன்பதாவது கண்ணாடித் தகடு:
நேசராசா சுகந்தமலர். முப்பத்தொன்பது.
முகமாலையில் கண்ணிவெடி அகற்றுகிற வேலை.
ஈறில் ரத்தம், கெண்டைக்காலில் நீலக் கண்டல்.
"முழந்தாளில நிண்டு நிண்டு வந்தது"
காரணத்தையும் அவளே கொண்டுவந்திருந்தாள்.

ஊசி ஏற்றும்போது கேட்டேன்,
ஒரு நாளைக்கு எவ்வளவு நிலம் பார்ப்பீர்கள்?
"கல்லெண்டா ஆறு சதுர மீற்றர்.
மணலெண்டா பதினைஞ்சு. உங்களுக்கு?"
ஒரு தகட்டில் இருநூறு கலம் என்றேன்.
"அப்ப நீங்களும் குனிஞ்ச வேலைதான்."

எங்கள் கிணற்றில் சுண்ணாம்பு அதிகம்,
சாயம் கழுவினால் நீலத்தூசி படியும்.
வடித்த நீர்ப் போத்தலைப் பூட்டித்தான் வைப்பேன்,
இல்லாவிட்டால் தேத்தண்ணிக்குப் போய்விடும்.

எண்ணெய் ஒரு துளி. நூறு மடங்கு வில்லை.
சிறுதட்டுகளைத் தேடினேன்.
ஒரு புலத்தில் ஒன்று,
அடுத்ததில் அதுவுமில்லை.
பிறகு அவை வந்தன
பெரிய கருவோடு, குருமணல் அப்பிய உடம்போடு,
வளர மறந்த வெண்குழியங்கள்.
ஒன்றினுள்ளே
விறகுக்கட்டுப் போலச்
சிவந்த ஊசிக்கோல்கள்.
எண்ணியின் பொத்தானில் விரல் நின்றுவிட்டது.
இருநூறு வரை எண்ணத்தான் வேண்டும்.
எண்ணினேன்.

ஆய்வுக்குழுவின் சம்மதப் படிவம் ஐந்து பக்கம்.
கண்ணாடி கொண்டுவரவில்லை என்றாள்,
நான் வாசித்தேன்:
"பதினைந்தாம், பதினேழாம் நிறமூர்த்தங்களுக்கு
இடையிலான இடப்பெயர்வு..."
"என்னது? இடப்பெயர்வோ?
ரத்தத்துக்குள்ளயுமோ?"

ஓம் அக்கா. பதினைந்தில் ஒரு துண்டு முறிந்து
பதினேழுக்குப் போய்விடும்,
அங்கிருந்து ஒன்று இங்கே வரும்.
மாறிக் குடியேறிய இடத்தில்
வளர் என்கிற கட்டளை
கலத்துக்குப் போய்ச் சேராது.

"காணிப் பிரச்சினைதான்" என்றாள்.
"உறுதி ஆரிட்டக் கிடக்கு?"
சிரித்தால் ஈறு கசியும் என்று
உதட்டை மூடிக்கொண்டு சிரித்தாள்.

மூன்றாம் பக்கம்:
உங்கள் பெயர் நீக்கப்பட்டு இலக்கம் வழங்கப்படும்.
அதற்குத் தலையாட்டினாள், பழகினது போல.
மாதிரி, மறை எண்பது பாகையில்
பத்து வருடம் பாதுகாக்கப்படும்.
அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னாள்.
"பத்து வருசமோ.
என்ர கலியாணப் படம்
வலைஞர்மடத்தில பத்து நாள் நிக்கேல்ல."
கையெழுத்துப் போட்டாள், முழுப் பெயரும் எழுதி.

மாதிரி ஐஸ்பெட்டியில் இரவு பஸ் ஏறியது.
அவள் தெல்லிப்பளைக்கு.

முதல் மருந்து குளிசைதான்,
விற்றமின் ஏயின் சொந்தக்கார அமிலம்.
அது அந்தக் கலங்களைக் கொல்வதில்லையாம்.
நின்ற இடத்திலிருந்து வளர விடுமாம்.
மின்சாரம் போன இரவொன்றில்
போன் வெளிச்சத்தில் அந்த ஆய்வுக்கட்டுரையின்
அதே பந்தியை நாலு தரம் வாசித்தேன்.

என் தம்பிக்கு இன்னும் பதினாறு வயது.

முப்பத்தோராம் நாள் புதுத் தகடு.
சிறுதட்டுகள் கும்பல் கும்பலாய் வந்திருந்தன.
இடைக்கிடை முதிர்ந்த வெண்குழியங்கள்,
கரு மூன்று மடலாய்ப் பிரிந்து,
வேலைக்குப் புறப்பட்டவை.
அவற்றில் ஒன்றை உருப்பெருக்கி நகராமல்
கனநேரம் பார்த்தேன்:
எல்லாம் சரியாய் வளர்ந்திருந்தது.
உள்ளே ஒரேயொரு ஊசிக்கோல்
அப்படியே கிடந்தது.

குறிப்பில் அதையும் எழுதினேன்.

யன்னலுக்கு வெளியே நின்றாள், மொட்டாக்கோடு.
"மாரிக்கு முன்னம் வேலைக்குப் போகலாமோ?"
டொக்டரிட்டக் கேளுங்கோ என்றேன்.
"கேட்டனான். உங்களிட்டக் கேக்கச் சொன்னவர்."

பத்தாவது தகட்டைக் கழுவப் போனால்
போத்தலில் அரைவாசிதான் இருந்தது.
ஆரோ தேத்தண்ணி போட்டுவிட்டார்கள்.